90-ல ஆரம்பிச்சு 100-ல உதறுற ஸ்டீரிங்: மூணு பேலன்சிங் பண்ணியும் போகல

#1 சேலம்_டீசல்

வணக்கம் நண்பர்களே. ரெண்டு மாசமா ஒரு பிரச்சனை மண்டையைக் குடையுது. தெரிஞ்சவங்க வழி சொல்லுங்க.

வண்டி 2014 ஸ்விஃப்ட் டீசல், 1,12,000 கிமீ ஓடியிருக்கு. வாரம் ஒருதரம் சேலத்துலேர்ந்து ஓசூர் போயிட்டு வரணும். தொப்பூர் கணவாய் ஏறி தர்மபுரி தாண்டினதும் ரோடு நேரா விழும். அங்க 90 தொட்டா ஸ்டீரிங் லேசா நடுங்க ஆரம்பிக்குது. 100-ல நல்லா உதறுது, உள்ளங்கை மரத்துப்போற அளவுக்கு. பக்கத்துல வச்ச தண்ணி பாட்டில்ல வட்டம் வட்டமா அலை எழும்புது. 115 கிட்ட போனா குறைஞ்சிடுது. 80-க்குக் கீழ சுத்தமா ஒண்ணுமில்ல.

ரெண்டு வேற வேற கடையில மூணு தடவை வீல் பேலன்சிங் (சக்கரத்தோட எடை சுத்திலும் சமமா இருக்க சின்ன வெயிட்டு ஒட்டுறது), ரெண்டு தடவை அலைன்மென்ட் பண்ணியாச்சு. மெஷின்ல நாலு வீலும் பூஜ்யம் காட்டினதை என் கண்ணால பார்த்தேன். அப்புறம் ஒரு மெக்கானிக், சக்கரத்தைத் தாங்குற லோயர் ஆர்ம்ல இருக்குற ரப்பர் புஷ் போயிடுச்சுன்னு சொல்லி ரெண்டு பக்கமும் மாத்தினார். லிங்க் ராடும் சேர்த்து 6,400 ரூபாய். உதறல் அப்படியேதான் இருக்கு. அடுத்து ஸ்டீரிங் ராக்கை (ஸ்டீரிங் திருப்புறதைச் சக்கரத்துக்குக் கொண்டுபோற பாகம்) இறக்கிப் பார்க்கணும்கிறார். காசு ஒரு பக்கம், பிள்ளைங்களை வச்சு ஓட்டுற வண்டிங்கிற பயம் ஒரு பக்கம்.

#2 நாலுவழிச்சாலை

அலைன்மென்ட் சரியா பண்ணியிருக்க மாட்டாங்க ஜி. 3டி மெஷின் வச்சிருக்குற கடையா பார்த்துப் போங்க. அப்படியே நைட்ரஜன் பிடிச்சிடுங்க, ஓட்டம் வெண்ணெய் மாதிரி ஆயிடும்.

#3 டயர்கடை_மதுரை

தம்பி, 22 வருஷமா டயர் வேலை பார்க்குறேன். ராக்கை இறக்க விடாதீங்க, கொஞ்சம் பொறுங்க.

அலைன்மென்ட்டுங்கிறது சக்கரம் எந்தப் பக்கம் பார்த்து நிக்குதுங்கிற விஷயம். அது தப்பினா வண்டி ஒரு பக்கம் இழுக்கும், ஸ்டீரிங் கோணலா நிக்கும், டயர் ஒரு ஓரமா தேயும். 90-ல பிறந்து 115-ல அடங்குற உதறல் அதுல வராது. எங்க தொழில்லயே பலர் கஸ்டமர் "உதறுது"ன்னு வந்தா அலைன்மென்ட் பில் போட்டு அனுப்பிடுறாங்க. பார்க்க எனக்கே மனசு கஷ்டமா இருக்கும். நைட்ரஜனா சாதாக் காத்தாங்கிறதுக்கும் உதறலுக்கும் சம்பந்தமே இல்ல, அளவு சரியா இருந்தா போதும்.

நீங்க எனக்குச் சொல்ல வேண்டியது இதுதான். உதறல் ஸ்டீரிங்ல மட்டுமா, சீட்டுலயும் தெரியுதா? பிரேக் மிதிச்சா கூடுதா? ஆக்சிலேட்டரை விட்டா போகுதா? ரிம் கம்பெனியில வந்ததா, வெளியில வாங்கினதா?

இன்னொண்ணு, இதை யோசிச்சுச் சொல்லுங்க. ஒவ்வொரு தடவை பேலன்சிங் பண்ணினப்பவும் உதறல் அதே அளவுல இருந்துச்சா, இல்ல கூடிக் குறைஞ்சுதா?

#4 சேலம்_டீசல்

அண்ணே, ரொம்ப நன்றி. ஸ்டீரிங்லதான். சீட்டுல பெருசா இல்ல. பிரேக் மிதிச்சா கூடல. ஆக்சிலேட்டரை விட்டுப் பார்த்ததில்ல, இந்த வாரம் பார்க்குறேன்.

கடைசிக் கேள்வி கேட்டதும்தான் எனக்கே உறைக்குது. ஒரே மாதிரி இல்ல. முதல் பேலன்சிங்ல பாதி குறைஞ்சுது. ரெண்டாவது பண்ணினதும் முன்னவிட மோசமாச்சு. மூணாவதுல திரும்ப பழைய கதை.

ரிம் வெளியில வாங்கின 15 இஞ்ச் அலாய். வண்டியோட வந்தது 14 இஞ்ச் இரும்பு ரிம், 165/80 டயர். அதை எடுத்துட்டு 185/65 ஆர்15 போட்டேன். போட்டு 11 மாசம் ஆச்சு. முதல் 9 மாசம் எந்தத் தொந்தரவும் இல்ல, அதான் சொல்லத் தோணல. ரெண்டு மாசத்துக்கு முன்னாடி முன் டயரைப் பின்னாடியும் பின் டயரை முன்னாடியும் மாத்திப் போட்டோம். உதறல் அதுக்கப்புறம்தான் வந்திருக்கணும்.

#5 சுழல்விசை

பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் பாடம் நடத்துகிறவன் என்ற முறையில் கணக்கைச் சொல்கிறேன். இந்த எண்கள் தெரிந்தால் யாரும் உங்களைக் குழப்ப முடியாது.

185/65 ஆர்15 டயரின் விட்டம் ஏறத்தாழ 621 மிமீ, உங்கள் பழைய 165/80 ஆர்14-க்கு 620. ஆக, டயர் அளவு மாற்றத்தில் தவறு இல்லை. சுற்றளவு 1.95 மீட்டர். 100 கிமீ வேகத்தில் வண்டி நொடிக்கு 27.8 மீட்டர் போகிறது. சக்கரம் நொடிக்கு 14 சுற்றுக்குச் சற்று மேல்.

ரிம் விளிம்பில் 20 கிராம் எடை ஒரு பக்கம் கூடுதலாக இருந்தால், அந்த வேகத்தில் அது ஏறத்தாழ 3 கிலோ எடைக்குச் சமமான விசையோடு வெளியே இழுக்கும். அந்த 3 கிலோ நொடிக்கு 14 தடவை மேலே, முன்னே, கீழே, பின்னே என்று திசை மாறிக்கொண்டே இருக்கும். 50 கிமீயில் அதே 20 கிராம் முக்கால் கிலோதான் இழுக்கும். வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு. நகரத்துக்குள் ஒன்றும் தெரியாமல் நெடுஞ்சாலையில் மட்டும் உதறுவதற்குக் காரணம் இதுதான்.

அப்படியானால் 115-ல் ஏன் குறைகிறது? ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கும் சக்கரம், ஹப் (சக்கரம் மாட்டப்படும் சுழலும் நடுப்பகுதி), பிரேக் எல்லாம் சேர்ந்த தொகுதிக்கு ஓர் இயல்பான அதிர்வெண் உண்டு. பெரும்பாலான கார்களில் நொடிக்கு 10 முதல் 15 வரை. ஊஞ்சலை அதன் போக்கு பார்த்துத் தள்ளினால் ஏறிக்கொண்டே போகும் அல்லவா? சக்கரத்தின் சுழற்சி அந்த எண்ணோடு பொருந்தும் வேகத்தில் அதேதான் நடக்கிறது. வேகம் கூடியதும் பொருத்தம் விட்டுப்போகிறது. கையில் தெரிவது குறைகிறது, அவ்வளவுதான். விசை கூடிக்கொண்டேதான் இருக்கிறது. வீல் பேரிங்கும் பால் ஜாயின்ட்டும் அதை வாங்கிக்கொண்டே ஓடுகின்றன. "வேகத்தைக் கூட்டித் தாண்டிவிட்டால் சரி" என்று தயவுசெய்து யாரும் ஓட்டாதீர்கள்.

#6 நாமக்கல்_புதுசு

இடையில கேக்குறதுக்கு மன்னிக்கணும். லைசென்ஸ் வாங்கி எட்டு மாசம்தான் ஆகுது எனக்கு. என் வண்டியில சும்மா போகும்போது எதுவும் இல்ல. 80-லேர்ந்து பிரேக் பிடிச்சா மட்டும் ஸ்டீரிங் இடமும் வலமுமா டகடகன்னு ஆடுது, பிரேக் பெடலும் காலைத் தள்ளுது. போன மாசம் கொல்லிமலை போயிட்டு வந்ததுலேர்ந்து. இதுவும் பேலன்சிங்தானா?

#7 டயர்கடை_மதுரை

இல்லம்மா, உங்களுது பிரேக் டிஸ்க். 70 கொண்டை ஊசி வளைவையும் பிரேக் மேலயே காலை வச்சு இறங்கியிருப்பீங்க. டிஸ்க் பழுக்கக் காய்ஞ்சிருக்கும். அந்தச் சூட்டோட வண்டியை நிறுத்தி பெடலை அழுத்தியே வச்சிருந்தா, பேட் மசாலா அந்த இடத்துல அப்பிக்கும். அதுக்கப்புறம் டிஸ்க்கோட கனம் சுத்திலும் ஒரே மாதிரி இருக்காது. ஒரு மில்லிமீட்டர்ல அம்பதுல ஒரு பங்கு வித்தியாசம் போதும், காலுக்குத் தெரியும். முதல்ல டிஸ்க் கனத்தை அளக்கச் சொல்லுங்க. குறைஞ்சபட்சக் கனம் டிஸ்க்கிலேயே பொறிச்சிருக்கும். அதுக்கு மேல இருந்தா லேத்துல முகம் எடுத்துடலாம் (மேல்பரப்பைச் சமமாச் சீவுறது), இல்லன்னா ரெண்டு பக்கமும் சேர்த்து மாத்திடணும். மலை இறங்குறப்ப ரெண்டாவது கியர்ல போட்டுட்டு இன்ஜினே இழுத்துப் பிடிக்கட்டும்.

சேலத்துத் தம்பிக்கு: ரோடு காலியா, நேரா, சமமா கிடைக்குற இடத்துல 105-க்கு ஏத்தி, ஆக்சிலேட்டரை விட்டு கிளட்ச்சை மிதிங்க. உதறல் அப்படியே இருந்தா இன்ஜின் குற்றவாளி இல்ல. ஆக்சிலேட்டர் கொடுத்தா வந்து, விட்டதும் போச்சுன்னா சக்கரத்தைச் சுத்துற ஆக்சிலோட உள்பக்க இணைப்பு, அதாவது சிவி ஜாயின்ட். ஆனா எந்தக் காரணத்துக்கும் ஓடுற வண்டியில சாவியைத் திருப்பாதீங்க. இன்ஜின் நின்னா பவர் ஸ்டீரிங்கும் பிரேக் பூஸ்டரும் கூடவே போயிடும்.

அப்புறம் முன் சக்கரம் ரெண்டையும் பின்னாடி போடுங்க. உதறல் ஸ்டீரிங்கை விட்டு சீட்டுக்கு வந்துட்டா சக்கரத்துல வியாதி. ஸ்டீரிங்கிலயே நின்னா ஹப், டிஸ்க், புஷ் பக்கம் பார்க்கணும். கழட்டும்போது ரிம்முக்கு உள்பக்கம் பாருங்க. மழைக்காலத்துல மண் ரோட்டுல போய் செம்மண் உள்ள அப்பிக் காய்ஞ்சிருந்தா அதுவே 30, 40 கிராம் வரும். சுரண்டி எடுத்தாலே சரியாப்போன வண்டி எத்தனையோ பார்த்திருக்கேன். பஞ்சருக்குன்னு உள்ள ஊத்துற திரவம் ஊத்தியிருந்தாலும் சொல்லுங்க. அது வண்டி நின்னா கீழ தேங்கும், பேலன்சிங்கே நிக்காது.

#8 யாழ்_விட்ஸ்

அண்ணை, நான் யாழ்ப்பாணத்திலயிருந்து எழுதுறன். என்ர பிரச்சினை நேர்மாறு. நூறிலயெல்லாம் இல்லை, 30, 40-லயே காரின்ர முன்பக்கம் இடமும் வலமுமா ஆடுது. ஸ்டியரிங் தானா அசையிற மாதிரி. 60-க்கு மேல அந்த ஆட்டம் தெரியேல்லை, கார் முழுக்க ஒரு அதிர்வு மட்டும் இருக்கு. கராஜில காட்டினன், ரயர் இன்னும் தேயேல்லை, நல்ல ரயர் எண்டு சொல்லினம். கார் ஜப்பானில இருந்து வந்த விட்ஸ். வாற கிழமை ஏ9-ஆல கொழும்புக்குப் போகோணும்.

#9 டயர்கடை_மதுரை

தம்பி, கொழும்புக்குக் கிளம்பாதீங்க. இதை முதல்ல பாருங்க.

குறைஞ்ச வேகத்துல ஆடுறது பேலன்ஸ் இல்ல. டயருக்குள்ள இருக்குற இரும்புக் கம்பி பெல்ட் ரப்பரை விட்டுப் பிரிய ஆரம்பிச்சா இப்படித்தான் ஆடும். முன்பக்கம் ஜாக்கி போட்டுத் தூக்கி, இன்ஜினை நிறுத்திட்டு, சக்கரத்தைக் கையால மெதுவாச் சுத்திக்கிட்டே பட்டன் (டயர்ல தரையைத் தொடுற வரி போட்ட ரப்பர்) மேல உள்ளங்கையை வச்சுத் தடவுங்க. ஒரு இடத்துல மேடு தட்டும். நேர் முன்னாடி உட்கார்ந்து பார்த்தா, பட்டன் கோடு நேரா ஓடாம பாம்பு மாதிரி ஒரு பக்கம் நெளிஞ்சு திரும்பும். மேடு இருந்தா அந்த டயரை அந்த நிமிஷமே கழட்டிடுங்க. வேகத்துல போகும்போது தோல் உரிஞ்சு வெடிக்கிறது இந்த டயர்தான்.

பக்கச் சுவர்ல நாலு இலக்கம் இருக்கும். 2312-ன்னா 2012-ம் வருஷம் 23-வது வாரம் செஞ்சதுன்னு அர்த்தம். பட்டன் எவ்வளவு இருந்தாலும் வயசான ரப்பர் வயசான ரப்பர்தான்.

#10 ஷார்ஜா_கேம்ரி

ஊருக்கு லீவுல போய் 40 நாள் கழிச்சு வந்து வண்டியை எடுத்தேன், 80-லயே தடதடன்னுச்சு. இந்த இழையைப் படிச்சு பயந்துட்டேன். நல்லவேளை, 20 கிமீ ஓட்டினதும் தானா போயிடுச்சு. நின்ன இடத்துலயே டயர் தட்டையாப் போயிருக்கு, சூடானதும் திரும்ப உருண்டையாச்சு. அடுத்த லீவுக்கு காத்து 4 பாயிண்ட் கூட வச்சிட்டுப் போகச் சொன்னாங்க. அவ்வளவுதான், எல்லாத்துக்கும் கடைக்கு ஓட வேண்டியதில்லன்னு சொல்லத்தான் எழுதினேன்.

#11 சேலம்_டீசல்

ஞாயித்துக்கிழமை காலைல ஆறு மணிக்கே வீட்டு வாசல்ல உட்கார்ந்துட்டேன். பார்த்ததை வரிசையா எழுதுறேன்.

கிளட்ச் சோதனை வெள்ளிக்கிழமையே பண்ணினேன். 105-ல கிளட்ச்சை மிதிச்சப்பவும் உதறல் அப்படியே இருந்துச்சு. ஆக இன்ஜின் பக்கம் இல்ல.

வாசல்ல முன்பக்கம் ஜாக்கி, கீழ ஸ்டாண்டு. ரெண்டு செங்கல்லை அடுக்கி மேல ஒரு பென்சிலை வச்சு, முனை ரிம் விளிம்பைத் தொட்டும் தொடாம நிக்குற மாதிரி வச்சேன். சக்கரத்தை மெதுவாச் சுத்தினா, பக்கவாட்டுல இடைவெளி மாறவே இல்ல. ரிம் பெண்டு இல்லைன்னு சந்தோஷப்பட்டேன். அடுத்து பென்சிலை விளிம்புக்குக் கீழ, மேல் கீழ் அசைவு தெரியுற மாதிரி வச்சேன். வலது சக்கரத்துல ஒரு இடத்துல பென்சில் முனை உரசுது, நேர் எதிர்ப்பக்கம் வந்தா காகிதம் நுழையுற அளவுக்கு வெளிச்சம் தெரியுது. ரிம் நல்ல வட்டம், ஆனா வட்டத்தோட நடு வேற எங்கயோ இருக்கு.

நட்டைக் கழட்டினேன். மூணு நட்டு சாதாரணமா வந்துச்சு. நாலாவதுக்கு ஸ்பேனர் மேல ஏறி நின்னேன். சக்கரத்தை எடுத்ததும் நடு ஓட்டையைப் பார்த்தேன். பழைய இரும்பு ரிம் ஹப்பைக் கவ்வி உட்காரும், இழுத்துத்தான் எடுக்கணும். இந்த அலாய்ல ஹப்பைச் சுத்தி என் சுண்டுவிரல் தாராளமா போயிட்டு வருது. பக்கத்து வீட்டு லேத் பட்டறைக்காரர் வெர்னியர் கொண்டு வந்து அளந்தார். ஹப் 54.1 மிமீ, ரிம் ஓட்டை 73.1. ஹப் முகத்துல துரு வேற, நகத்தால சுரண்டினா செதில் செதிலா வருது.

முன் சக்கரத்தைப் பின்னாடி போட்டு ஓட்டிப் பார்த்தேன். ஸ்டீரிங் சாந்தமாயிடுச்சு, ஆனா 100-ல சீட்டுக்கு அடியில நடுக்கம். என் கண்ணுக்கு இந்த ஓட்டைதான் காரணமா தெரியுது. சரிதானா?

#12 சுழல்விசை

மிகச் சரி. அருமையாகச் சோதித்திருக்கிறீர்கள்.

வெளியில் விற்கும் அலாய்கள் பல கம்பெனி வண்டிகளுக்கும் பொருந்த வேண்டும் என்று நடு ஓட்டையைப் பெரிதாக வைத்தே வார்க்கிறார்கள். அப்போது சக்கரத்தை நடுவில் நிறுத்தும் பொறுப்பு முழுக்க நான்கு நட்டுகளின் கூம்பு முகத்துக்குப் போய்விடுகிறது. வண்டி தரையில் நிற்கும்போதே காற்றுத் துப்பாக்கியால் ஒரு நட்டை முழுக்க இறுக்கினால், சக்கரம் அந்தப் பக்கம் ஒதுங்கியபடியே பூட்டிக்கொள்ளும்.

எவ்வளவு ஒதுங்கினால் தொல்லை? டயரும் ரிம்மும் சேர்ந்து 16 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 0.3 மிமீ தள்ளி உட்கார்ந்தால், அது ரிம் விளிம்பில் 25 கிராம் ஒட்டியதற்குச் சமம். 0.3 மிமீ என்பது உங்கள் நகத்தின் கனம்கூட இல்லை. பேலன்சிங் மெஷின் நடு ஓட்டையில் கூம்பை நுழைத்துச் சக்கரத்தைத் துல்லியமாக நடுவில் பிடிக்கிறது. ஆகவே அங்கே பூஜ்யம். வண்டியில் மாட்டியதும் 25 கிராம். மெஷினும் பொய் சொல்லவில்லை, உங்கள் கையும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொரு தடவை கழற்றி மாட்டும்போதும் வேறு இடத்தில் உட்கார்ந்ததால்தான் உதறல் கூடிக் குறைந்தது. மதுரைக்காரர் கேட்ட அந்த ஒரு கேள்வியிலேயே விடை இருந்தது. ஹப்புக்கும் ரிம் ஓட்டைக்கும் நடுவே உள்ள இடைவெளியை நிரப்பும் ரிங் (ஹப் ரிங் என்கிற வளையம்) போடுங்கள்.

#13 கொங்கு_வண்டி

ஒத்துக்க மாட்டேனுங்க. என் ஐ20-ல இதே மாதிரி பெரிய ஓட்டை அலாய், ரிங்கு கிங்கு எதுவும் இல்லாம 40,000 கிமீ ஓட்டியிருக்கேன். 120-ல கூட கண்ணாடி மாதிரி போகுது. ரிங் விக்கிறதுக்கு இது ஒரு வழியோன்னு தோணுதுங்க.

#14 சுழல்விசை

உங்கள் அனுபவமும் உண்மைதான். சக்கரம் தரையைத் தொடாமல் தொங்கும்போது நான்கு நட்டையும் கையால் நுழைத்து, எதிர் எதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினால், கூம்பு முகமே சக்கரத்தை நடுவுக்குக் கொண்டுவந்துவிடும். உங்களுக்கு மாட்டுகிறவர் அப்படிப் பொறுமையாக மாட்டியிருக்கிறார். ரிங் எடையைத் தாங்குவதில்லை. எடையைத் தாங்குவது நட்டு இறுக்கத்தில் வரும் உராய்வு. நட்டு இறுகும்வரை சக்கரத்தை நடுவில் பிடித்து வைப்பது மட்டும்தான் ரிங்கின் வேலை. மாட்டுகிறவர் அவசரக்காரராக இருந்தாலும் சக்கரம் நடுவில் உட்கார ரிங் உதவும், அதற்காகத்தான் அதைப் பரிந்துரைக்கிறேன்.

#15 டயர்கடை_மதுரை

கொங்குத் தம்பி, நான் ரிங் விக்கிறதில்ல. சார் சொன்னது அத்தனையும் சரி.

சேலத்துத் தம்பி, ரிங் போட்டதும் இன்னொரு தடவை பேலன்சிங் பண்ணியே ஆகணும். பக்கத்துல நின்னு பாருங்க, யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க. பழைய வெயிட்டு மொத்தத்தையும் பிடுங்கிட்டுத்தான் ஆரம்பிக்கணும். கூட்ட நேரத்துல வெயிட்டு மேல வெயிட்டு ஒட்டிவிடுற கடைங்க இருக்கு. உங்க வண்டிக்கு மூணு தடவை ஒட்டியிருக்காங்க, ரிம் உள்பக்கம் எண்ணிப் பாருங்க. ரிம் ஓட்டையையும் கூம்பையும் துணியால துடைச்சு, கூம்பை உள்பக்கத்துலேர்ந்து போடச் சொல்லுங்க. வால்வு டயர் கம்பெனி போட்ட மஞ்சள் புள்ளிக்கு நேரா இருக்கான்னு பாருங்க. அந்தப் புள்ளி டயர்ல எடை குறைஞ்ச இடம், வால்வுக்கு நேரா வந்தா வெயிட்டு கம்மியாச் செலவாகும்.

மெஷின் பூஜ்யம் காட்டினதும் திருப்தி ஆயிடாதீங்க. கூம்பைத் தளர்த்தி, சக்கரத்தை அரைச் சுத்து திருப்பி, மறுபடி இறுக்கி ஓடவிடச் சொல்லுங்க. இப்பவும் பூஜ்யம், இல்ல 5 கிராமுக்குள்ள வந்தா மெஷினும் சரி, மாட்டினதும் சரி. 20, 25-ன்னு தாவினா கூம்பு தேஞ்சிருக்கு, இல்ல சக்கரம் கோணலா உட்கார்ந்திருக்கு. அந்தக் கடையில காசு கொடுக்காதீங்க. சில மெஷின் 5 கிராமுக்குக் கீழ இருந்தா பூஜ்யம்னே காட்டும். நிஜ அளவைக் காட்ட ஒரு பட்டன் இருக்கும், அதையும் அமுக்கச் சொல்லுங்க. வெயிட்டு ஒட்டுற இடத்தை தின்னர் போட்டுத் துடைக்கலன்னா முதல் மழைக்கே உதிர்ந்திடும்.

ஹப் முகத்தைக் கம்பி பிரஷ் போட்டுத் தேய்ங்க. துரு ஒரு செதில் நடுவுல மாட்டினாலும் சக்கரம் சாய்ஞ்சு நிக்கும்.

#16 யாழ்_விட்ஸ்

அண்ணை, கும்பிடுறன். நீங்கள் சொன்ன மாதிரியே ஜாக் அடிச்சு, கையை வச்சுத் தடவினன். முன் இடப்பக்க ரயரில ஒரு சாண் நீளத்துக்கு மேடு. ரயரின்ர திகதி 0911. காரோட வந்த ரயரைக் கழட்டவே இல்லை நாங்கள். முன் ரெண்டும் புதுசு போட்டாச்சு, ஆட்டம் நிண்டுட்டுது. பின் ரெண்டும் அதே திகதிதான், சம்பளம் வந்த கையோட மாத்திப்போட்டுத்தான் கொழும்புப் பயணம். அம்மாவோட அந்த ரயரில போக வெளிக்கிட்டதை நினைக்க இப்பவும் நெஞ்சு பதறுது.

#17 சேலம்_டீசல்

முடிஞ்சுது நண்பர்களே.

லேத் பட்டறைக்காரரே நாலு அலுமினிய ரிங் கடைஞ்சு கொடுத்தார், நாலும் சேர்த்து 1,000 ரூபாய். ரிம்முக்குள்ள தட்டினதும் "டக்"னு ஒரு சத்தம், அப்புறம் அசையல. ஹப்பைத் தேய்ச்சுத் துடைச்சு சக்கரத்தைத் தூக்கி வச்சேன். 11 மாசத்துல முதல் தடவையா ஹப் மேல தானா நின்னுச்சு, கையை எடுத்தும் விழல. நட்டை எதிர் எதிரா கையால போட்டு, கடைசி இறுக்கம் மட்டும் வண்டியை இறக்கின பிறகு டார்க் ரெஞ்ச்ல (இறுக்கத்தை அளந்து இறுக்குற ஸ்பேனர்), கையேட்டுல போட்டிருக்குற அளவுக்கு.

பேலன்சிங் கடையில பக்கத்துலயே நின்னேன். வலது முன் ரிம்ல மட்டும் பழைய வெயிட்டு 85 கிராம் பிடுங்கினாங்க. புதுசா ஒட்டினது 20. அரைச் சுத்து திருப்பிப் போடச் சொன்னதும் அந்தப் பையன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். ஆனா செஞ்சான், 5 கிராமுக்குள்ளதான் வந்துச்சு. நேத்து ஓசூர் போயிட்டு வந்தேன். 100-ல தண்ணி பாட்டிலைப் பார்த்துக்கிட்டே போனேன். தண்ணி அசையல. மாத்தின லோயர் ஆர்ம் காசு போனது போனதுதான், ராக்கைக் காப்பாத்திக் கொடுத்தீங்க. மதுரை அண்ணனுக்கும் சாருக்கும் என் வீட்டு மொத்தப் பேர் சார்பா நன்றி.

#18 நாமக்கல்_புதுசு

என்னுதும் சரியாயிடுச்சு. டிஸ்க் கனம் போதுமான அளவு இருந்துச்சு, முகம் எடுத்து புது பேட் போட்டாங்க. போன வாரம் ஏற்காடு போய் ரெண்டாவது கியர்லயே இறங்கினேன், பின்னாடி வந்தவங்க ஹார்ன் அடிச்சாலும் கண்டுக்கல.

சேலம் அண்ணா, ஒரு சந்தேகம். உங்க ஸ்டெப்னி பழைய 14 இஞ்ச் இரும்பு ரிம்தானே? வழியில பஞ்சர் ஆனா அதுக்கும் ரிங் வேணுமா?

#19 டயர்கடை_மதுரை

நல்ல கேள்விம்மா, இதைச் சொல்ல மறந்துட்டேன். இரும்பு ரிம்மோட ஓட்டை ஹப் அளவுக்கே இருக்கும், ரிங் வேண்டாம். ஆனா அலாயைக் கழட்டும்போது ரிங் சில சமயம் ரிம்மோட வராம ஹப்லயே ஒட்டிக்கிட்டு நின்னுடும். அலுமினியமும் இரும்பும் சேர்ந்த இடத்துல துரு பிடிச்சா இன்னும் இறுகிடும். அதோட ஸ்டெப்னியை வச்சா உள்ள உட்காராது. ராத்திரி இருட்டுல, அவசரத்துல, உட்கார்ந்துடுச்சுன்னு நினைச்சு நட்டை இறுக்கிட்டுக் கிளம்பிட்டா, கொஞ்ச தூரத்துலயே நட்டு தளர்ந்துடும். ஸ்டெப்னி போடுறதுக்கு முன்னாடி போன் லைட்டை ஹப் மேல அடிச்சுப் பாருங்க. ரிங் நின்னா ஸ்க்ரூடிரைவரால நெம்பி எடுத்து டேஷ்போர்டுல போட்டுக்குங்க. இப்பவே ஹப் மேல லேசா கிரீஸ் தடவி வச்சா தானா வந்துடும், டிஸ்க் முகத்துலயும் நட்டுலயும் மட்டும் படாம பார்த்துக்குங்க.

#20 சேலம்_டீசல்

இப்பவே இறங்கிப் போய் தடவிட்டு வந்துட்டேன் அண்ணே. போன கையோட நட்டையும் ரெஞ்ச்ல பார்த்தேன். 320 கிமீ ஓடியிருக்கு, பின் இடதுல ஒரு நட்டு மட்டும் கால் சுத்து ஏறுச்சு.